கடிதம் சொன்னதும் கணக்கு சொன்னதும்

1793, ஆகஸ்ட் 21. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்து டாக்டர் ஒருவர், பிரின்ஸ்டனில் இருக்கும் தன் மனைவிக்குக் கடிதம் எழுதுகிறார். கோடைக்காக மனைவியும் சின்னக் குழந்தைகளும் தாய்வீட்டுப் பக்கம் போயிருக்கிறார்கள். வீட்டு நலம் விசாரிக்கிற சாதாரணக் கடிதம் இல்லை இது. ஊரில் கிளம்பும் வதந்தியைக் கேட்டு நீ ஏமாந்துவிடக் கூடாது, நானே உள்ளதைச் சொல்லிவிடுகிறேன் என்று ஆரம்பிக்கிறார். வாட்டர் தெருவில், ஆர்ச் தெருவுக்கும் ரேஸ் தெருவுக்கும் நடுவே, ஒரு பொல்லாத காய்ச்சல் கிளம்பியிருக்கிறது. ஏற்கெனவே 12 பேர் போய்விட்டார்கள். காரணம், துறைமுகத்தில் அழுகிக் கிடக்கும் காப்பிக்கொட்டை மூட்டைகளாக இருக்கலாம்.

நாலே நாள். ஆகஸ்ட் 25-ல் அடுத்த கடிதம். தொனியே மாறிவிட்டது. மருந்துக்குக் கட்டுப்பட மறுக்கிறது. ஆரம்பித்த இடத்தைத் தாண்டி ஊரின் பல மூலைகளுக்கும் பரவிவிட்டது.

எழுதியவர் பெயர் பெஞ்சமின் ரஷ். வயது 47. சாதாரண டாக்டர் இல்லை. 1776-ல் அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர். மாமனார் ரிச்சர்ட் ஸ்டாக்டனும் அதில் கையெழுத்துப் போட்டவர்தான். அடிமை முறையை எதிர்த்து எழுதியவர். (அவர் வீட்டிலேயே அப்போது ஒரு அடிமை இருந்தார் என்பது வேறு விஷயம். மனுஷர்கள் அப்படித்தான்.) ஊரில் பெரிய கை ராசி. மாணவர்கள் கூட்டம். பத்திரிகையில் எழுதினால் ஊரே படிக்கும்.

அந்த வருஷம் ஆகஸ்டிலிருந்து நவம்பர் வரை மனைவி ஜூலியாவுக்கு ஏறக்குறைய தினமும் எழுதினார் ரஷ். அந்தக் கடிதங்கள் பின்னால் 1951-ல் அவருடைய மற்றக் கடிதங்களோடு இரண்டு பெரிய தொகுதிகளாக அச்சில் வந்தன. ஒரு நகரம் செத்துக்கொண்டிருப்பதை உள்ளே இருந்தபடியே ஒருவர் நாள் தவறாமல் எழுதி வைத்ததைப் படிப்பது பெரிய அனுபவம். ஆனால், அந்தக் கடிதங்களை மட்டும் படித்தால் ஏமாந்து போவோம். ஏன் என்று பார்க்கலாம்.

* * *

முதலில் ஊர்.

அன்றைக்கு அமெரிக்காவின் தலைநகரம் பிலடெல்பியா. வாஷிங்டன் நகரம் இன்னும் கட்டி முடிக்கப்படவில்லை. ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டன், நிதியமைச்சர் அலெக்சாண்டர் ஹாமில்டன், வெளியுறவு அமைச்சர் தாமஸ் ஜெஃபர்சன் எல்லோரும் இங்கேதான். புறநகரையும் சேர்த்தால் ஜனத்தொகை சுமார் 50,000. பக்கத்தில் டெலவேர் நதி. கப்பல், சரக்கு, வியாபாரம்.

அந்தக் கோடையில் கப்பல்களில் சரக்கோடு அகதிகளும் வந்தார்கள். இன்று ஹெய்ட்டி என்கிறோமே, அந்த செயின்ட் டொமிங்குவில் 1791-ல் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். 1793 ஜூனில் அங்கே கேப் ஃபிரான்சே நகரம் எரிந்தது. தப்பித்தவர்கள் கப்பல் ஏறினார்கள். அவர்களோடு ஒரு காய்ச்சலும் கப்பல் ஏறியது. மஞ்சள் காய்ச்சல்.

நம் ஊர் மஞ்சள் காமாலையோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. இது வேறு. கடும் காய்ச்சல், தலைவலி, உடம்பு வலி. மூன்று நாலு நாளில் கொஞ்சம் விடும். பிழைத்தோம் என்று நினைக்கும்போது சிலருக்குத் திரும்ப வரும். கண்ணும் தோலும் மஞ்சளாகும். கறுப்பாக வாந்தி வரும். அது வந்தால் பெரும்பாலும் முடிந்தது கதை.

ஆகஸ்ட் 19-ம் தேதி வாட்டர் தெருவில் ஒரு பெண்மணியைப் பார்க்கப் போனார் ரஷ். கூட இரண்டு டாக்டர்கள். அந்த அம்மாள் சாகும் நிலையில் இருந்தார். கொஞ்ச நாளாகத் தான் பார்த்த நோயாளிகளை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்த ரஷ், இது மஞ்சள் காய்ச்சல்தான் என்று அறிவித்தார். சக டாக்டர்கள் பலர் ஒப்புக்கொள்ளவில்லை. ஊரைப் பயமுறுத்துகிறார் என்றார்கள். ஒரு வாரத்தில் டாக்டர்கள் சங்கமே கூடி, என்னென்ன செய்யலாம், எதெல்லாம் கூடாது என்று பட்டியல் போட்டது. அதில் ஒன்று, சாவுக்கு மணி அடிப்பதை நிறுத்துங்கள் என்பது. ஓயாமல் அடித்த மணியைக் கேட்டே ஜனங்கள் பாதி செத்துக்கொண்டிருந்தார்கள்.

அப்புறம் ஓட்டம். 17,000 பேர் ஊரைக் காலி பண்ணினார்கள் என்பது அன்றைய ஒரு மதிப்பீடு. செப்டம்பர் 10-ல் ஜனாதிபதி தன் பண்ணைக்குக் கிளம்பினார். தான் இன்னும் கொஞ்சநாள் இருந்திருப்பேன், மனைவி தன்னைத் தனியே விட்டுப் போக மறுத்துவிட்டார் என்று பின்னால் தன் பழைய செயலாளருக்குக் கடிதம் எழுதினார். மிச்சம் இருந்தவர்கள் வினிகரில் நனைத்த துணியை மூக்கில் வைத்துக்கொண்டு நடந்தார்கள். பெண்களும் சின்னப் பையன்களும்கூடச் சுருட்டுப் பிடித்தார்கள். பூண்டை மென்றார்கள். தெரிந்தவர் எதிரில் வந்தால் கை குலுக்குவது கிடையாது. வீட்டு ஓரமாக நடக்கப் பயந்து நடுத்தெருவில் நடந்தார்கள். தினசரிகளில் ஒன்றே ஒன்றுதான் கடைசி வரை நிற்காமல் வெளிவந்தது.

ரஷ் போகவில்லை. குடும்பத்தைத் தள்ளி வைத்துவிட்டுத் தான் மட்டும் ஊரில் நின்றார். இந்த இடத்தில் அவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிடுவது நல்லது. பின்னால் போட மனசு வராமல் போகலாம்.

* * *

செப்டம்பர் பிறந்ததும் ரஷ்ஷின் கடிதங்களில் ஒரு புது வெளிச்சம். மருந்து கண்டுபிடித்துவிட்டார்!

எங்கிருந்து? பெஞ்சமின் ஃபிராங்க்ளின் எப்போதோ கொடுத்திருந்த ஒரு பழைய கையெழுத்துப் பிரதி. வர்ஜீனியாவில் ஐம்பது வருஷம் முந்தி வந்த காய்ச்சலைப் பற்றி ஜான் மிட்செல் என்ற டாக்டர் எழுதியது. நோயாளி பலவீனமாகத் தெரிந்தாலும் தயங்காமல் கடும் பேதி கொடு என்றது அது. பிடித்துக்கொண்டார் ரஷ். பாதரசத்திலிருந்து செய்த காலமெல் பத்து கிரெய்ன், ஜாலப் என்ற பேதி வேர்த்தூள் பதினைந்து. பொட்டலம் பொட்டலமாகப் போனது. கூடவே ரத்தம் எடுப்பது. ஒரு தடவை இல்லை, திரும்பத் திரும்ப. ஐந்து நாளில் 70, 80 அவுன்ஸ் வரை எடுத்ததாக அவரே எழுதியிருக்கிறார். இரண்டு லிட்டருக்கு மேல். பெரிய ஆளின் உடம்பில் மொத்தமே சுமார் ஐந்து லிட்டர்தான் ஓடுகிறது. ரஷ் அதைப்போல இரண்டு மடங்கு இருக்கிறதென்று நம்பினார்.

நாளைக்கு நூறு பேருக்கு மேல் பார்த்தார். சாப்பிடும்போதும் ஒரு கையால் மருந்துச் சீட்டு எழுதுகிற நிலைமை. கடிதங்களில் நம்பிக்கை பொங்குகிறது. புது மருந்தை ஆரம்பத்திலேயே கொடுத்தால் சாவதே அபூர்வம் என்கிறார். சாதாரணச் சளிக்காய்ச்சல் அளவுக்கு இதைக் கொண்டுவந்துவிட்டேன் என்கிற ரீதியில் எழுதுகிறார்.

அதே கடிதங்களில் வீட்டுச் செய்தியும் வருகிறது. கூட இருந்து உழைத்த மாணவர்களில் மூன்று பேர் செத்தார்கள். அக்டோபர் 1-ம் தேதி கூடப் பிறந்த அக்காவும் போனார். ரஷ்ஷுக்கே காய்ச்சல் வந்தது. தனக்கும் அதே ரத்தம் எடுப்பு, அதே பேதிப் பொட்டலம். அவர் பிழைத்தார். ஊருக்கு ஒரு மருந்து, தனக்கு ஒரு மருந்து என்று வைத்துக்கொண்ட ஆள் இல்லை. பொய் சொல்லவில்லை, ஏமாற்றவில்லை. அவர் எழுதிய ஒவ்வொரு வரியையும் முழு மனசோடு நம்பினார். சிக்கலே அங்கேதான்.

* * *

மாற்று மருத்துவம் இல்லாமலா போயிற்று? இருந்தது. ஹாமில்டனுக்கும் காய்ச்சல் வந்தது. அவருடைய பால்ய சிநேகிதர் டாக்டர் எட்வர்ட் ஸ்டீவன்ஸ் மேற்கிந்தியத் தீவிலிருந்து வந்தவர். சின்கோனா பட்டை, ஒயின், குளிர்ந்த நீரில் குளியல் என்று மென்மையாகப் பார்த்துக் குணப்படுத்தினார். ஹாமில்டன் அதைப் பாராட்டி டாக்டர்கள் சங்கத்துக்குக் கடிதம் எழுத, அது அச்சிலும் வந்தது.

அவ்வளவுதான், காய்ச்சலிலும் கட்சி புகுந்துவிட்டது. ஹாமில்டன் கட்சிக்காரர்களுக்குப் பட்டையும் ஒயினும். ஜெஃபர்சன் பக்கத்து ஆட்களுக்கு ரஷ்ஷின் பேதியும் ரத்தமும். புது மருந்தைக் கொண்டுவந்தவன் ஜெஃபர்சனின் நண்பனாக இல்லாதிருந்தால் ஹாமில்டன் இவ்வளவு எதிர்த்திருக்க மாட்டார் என்று ரஷ் ஒரு கடிதத்தில் பொருமுகிறார். ஜெஃபர்சன் இன்னும் ஒரு படி மேலே. காய்ச்சலில் கிடந்த ஹாமில்டனைப் பற்றி நண்பர் மேடிசனுக்கு எழுதும்போது, அவர் தண்ணீரைக் கண்டால் பயப்படுவார், குதிரை ஏறப் பயப்படுவார், நோயைக் கண்டும் பயப்படுகிறார் என்று கேலி செய்கிறார். தேச பிதாக்கள்தான். இருந்தாலும் அரசியல்வாதிகள் இல்லையா!

இதையெல்லாம் கண்டுகொள்ளாமல் வேலை பார்த்தவர் ஒரு வியாபாரி. ஸ்டீபன் ஜிரார்ட், பிரான்ஸில் பிறந்த கப்பல் முதலாளி. ஊருக்கு வெளியே புஷ் ஹில் என்ற மாளிகையை ஆஸ்பத்திரியாக்கியிருந்தார்கள். ஆஸ்பத்திரி என்று பெயர்தான், உள்ளே போனவர்கள் வெளியே வருவதில்லை. செப்டம்பர் நடுவில் நடந்த ஒரு கூட்டத்தில் ஜிரார்ட் எழுந்து, அதை நான் நடத்துகிறேன் என்றார். பீட்டர் ஹெல்ம் என்பவரும் சேர்ந்துகொண்டார். பால்டிமோர் வியாபாரிகளுக்கு ஜிரார்ட் எழுதிய கடிதத்தின் சாரம் இது: பயமும் நோயும் இந்த ஊரைக் கெடுத்துவிட்டன. சாவுக்குப் பயப்படாதவர்கள் உதவ வேண்டும். கொஞ்ச நாள் இதே வேலையாக இருப்பேன். இதில் செத்தால், செய்ய வேண்டிய கடமையைச் செய்தோம் என்ற திருப்தியாவது மிஞ்சும்.

ஜிரார்ட் அங்கே செயின்ட் டொமிங்குவிலிருந்து வந்த ழான் தெவேஸ் என்ற டாக்டரை வைத்தார். இந்தக் காய்ச்சலை முன்பே பார்த்த அனுபவஸ்தர். ரத்தத்தை வாளி வாளியாக எடுக்காமல், சுத்தமான படுக்கை, ஓய்வு, நல்ல கவனிப்பு என்று பார்த்துக்கொண்டார். இன்றைக்கும் மஞ்சள் காய்ச்சலுக்குத் தனி மருந்து கிடையாது. தெவேஸ் செய்ததைப்போலத் தாங்கிப் பிடித்துப் பார்த்துக்கொள்வதுதான் வைத்தியம்.

* * *

இப்போது ரஷ் எழுதிய இன்னொரு கடிதத்துக்கு வருவோம். மனைவிக்கு இல்லை, ஊரில் இருந்த கறுப்பின மக்களுக்கு.

ஆகஸ்ட் 22-ம் தேதி, அதாவது காய்ச்சல் பற்றிய முதல் கடிதத்துக்கு மறுநாள், ரஷ் மனைவிக்கு ஒரு விருந்தை வர்ணித்து எழுதினார். ஆப்பிரிக்கர்களுக்கென்று எழும்பிய புதுத் தேவாலயத்துக்குக் கூரை போட்ட நாள். மரநிழலில் சாப்பாடு. முதல் பந்தியில் வெள்ளைக்காரர்கள் உட்கார, கறுப்பர்கள் பரிமாறினார்கள். அடுத்த பந்தியில் கறுப்பர்கள் உட்கார, வெள்ளைக்காரர்கள் பரிமாறினார்கள். 1793-ல்! ரஷ் நெகிழ்ந்துபோய் எழுதியிருக்கிறார்.

இரண்டு வாரத்துக்குள் அதே மக்களிடம் உதவி கேட்டார். கறுப்பர்களை இந்தக் காய்ச்சல் தொடாது, ஆகவே நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள நீங்கள் முன்வர வேண்டும் என்று அவர்கள் தலைவர் ரிச்சர்ட் ஆலனுக்கு எழுதினார். புனைபெயரில் பத்திரிகையிலும் எழுதினார். அவருக்கு ஆதாரம், தெற்கே சார்ல்ஸ்டன் நகரத்தில் இருந்த ஒரு டாக்டர் எப்போதோ எழுதிய குறிப்பு.

ஆலனும் அப்சலோம் ஜோன்சும் தங்கள் சங்கத்தைக் கூட்டிப் பேசினார்கள். கிளம்பினார்கள். முதலில் போன வீட்டில் மனைவி செத்துக் கிடக்கிறாள், கணவன் சாகக் கிடக்கிறான், பக்கத்தில் இரண்டு சின்னக் குழந்தைகள். வேறு யாரும் இல்லை. அன்றைக்கு மட்டும் இருபது குடும்பங்களுக்கு மேல் பார்த்தார்கள். அதன் பிறகு நர்ஸ் வேலை, பிணம் தூக்குகிற வேலை, புதைக்கிற வேலை எல்லாம் இவர்கள் தலையில். பெற்ற பிள்ளையே கிட்ட வராத பிணங்களை இவர்கள் தூக்கினார்கள்.

செப்டம்பர் 25-ம் தேதி ரஷ் மனைவிக்கு எழுதுகிறார். கறுப்பர்களும் எங்கே பார்த்தாலும் விழுந்துகொண்டிருக்கிறார்கள். முன்னின்று நடத்திய ரிச்சர்ட் ஆலன் படுத்த படுக்கை.

ஆலன் பிழைத்தார். பலர் பிழைக்கவில்லை. ஆப்பிரிக்காவிலும் மேற்கிந்தியத் தீவுகளிலும் வளர்ந்தவர்களுக்குச் சின்ன வயதிலேயே காய்ச்சல் வந்து போயிருந்தால் எதிர்ப்பு சக்தி இருக்கும். தோலின் நிறத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. தன் எண்ணம் தவறு என்று ரஷ்ஷே பின்னால் தன் புத்தகத்தில் ஒப்புக்கொண்டார். அதற்குள் ஊர்வலம் போய்விட்டிருந்தது.

* * *

அக்டோபர் 11-ல் மட்டும் 119 சாவு. அதுதான் உச்சம். மாசக் கடைசியில் குளிர் இறங்கியது, காய்ச்சலும் இறங்கியது. நவம்பரில் ஓடிப்போனவர்கள் திரும்பினார்கள்.

கணக்குப் போட்டார்கள். ஆகஸ்டிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை 4,000-க்கும் மேல் புதைக்கப்பட்டிருந்தார்கள். விட்டுப்போனதையும் சேர்த்தால் 5,000 வரை இருக்கலாம் என்கிறார்கள். பத்தில் ஒருவர். டாக்டர்களில் மட்டும் பத்துப் பேர்.

இந்த எண்ணிக்கையைத் தொகுத்து உடனே புத்தகம் போட்டவர் மேத்யூ கேரி என்ற பதிப்பாளர். பரபரப்பாக விற்றது, அடுத்தடுத்துப் பதிப்பு. அதில் போகிறபோக்கில் ஒரு குத்து. கறுப்பு நர்சுகள் சிலர் கொள்ளைக் கூலி வாங்கினார்கள், வீடு புகுந்து திருடினார்கள் என்று எழுதிவிட்டார். ஆலனையும் ஜோன்சையும் மட்டும் நல்லவர்கள் என்று விலக்கு கொடுத்தார்.

அந்த விலக்கு அவர்களுக்குத் தேவைப்படவில்லை. 1794 ஜனவரியில் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு சின்னப் புத்தகம் போட்டார்கள். அதில் நான் ரசித்த பகுதி எது தெரியுமா? வரவு செலவுக் கணக்கு! பிணம் எடுத்ததற்கு வந்த மொத்த வரவு 233 பவுண்ட் 10 ஷில்லிங் 4 பென்ஸ். சவப்பெட்டிக்குச் செலவு 33 பவுண்ட். ஐந்து ஆள் கூலி. மூன்று பேருக்கு 70 நாள், இரண்டு பேருக்கு 63 நாள், தினம் 22 ஷில்லிங் 6 பென்ஸ். ஆக 378 பவுண்ட். நானும் பென்சிலை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். 336 நாள் கூலி, சரியாக 378 வருகிறது. மொத்தச் செலவு 411. கையிலிருந்து போட்டது 177 பவுண்ட் 9 ஷில்லிங் 8 பென்ஸ். ஒரு பென்னி பிசகவில்லை.

அடுத்து இன்னொரு கணக்கு. ஊரில் 1792-ல் புதைக்கப்பட்ட கறுப்பர்கள் 67. 1793-ல் 305. காய்ச்சல் எங்களைத் தொடாது என்றீர்களே, இதோ பாருங்கள் என்கிற எண். கடைசியாகக் கேரிக்கு ஒரு பதில். கொள்ளைக் கூலி வாங்கிய நர்சுகள் ஒரு டஜன் பேரைச் சேர்த்தாலும், இந்தப் புத்தகம் விற்று நீர் சம்பாதித்த அளவுக்கு வராது! ஊர் மேயர் மேத்யூ கிளார்க்சனும் இவர்கள் சேவைக்குக் கையெழுத்துப் போட்டுச் சான்று கொடுத்தார்.

ரஷ்ஷிடம் இப்படி ஒரு கணக்குப் புத்தகம் இல்லை. எத்தனை பேருக்குப் பொட்டலம் கொடுத்தோம், எத்தனை பேர் எழுந்தார்கள், எத்தனை பேர் விழுந்தார்கள் என்று எழுதி வைக்க அவருக்கு நேரமும் இல்லை. பிழைத்தவன் நன்றி சொல்ல வருவான், செத்தவன் புகார் சொல்ல வர மாட்டான். தினமும் கண்ணெதிரே வந்து நின்றவர்களை வைத்துத்தான் அவர் கடிதம் எழுதினார்.

சில வருஷம் கழித்து வில்லியம் காபெட் என்ற பத்திரிகைக்காரர் ரஷ்ஷை ரத்தக்காட்டேறி ரேஞ்சுக்குக் கிழித்தார். ரஷ் மானநஷ்ட வழக்குப் போட்டார். ஜெயித்தார். 5,000 டாலர் நஷ்டஈடு. தீர்ப்பு வந்த நாள் 1799 டிசம்பர் 14. அதே நாளில் தொண்டை நோயோடு கிடந்த ஜார்ஜ் வாஷிங்டனுக்கு அவர் வீட்டில் நாலு தடவை ரத்தம் எடுத்தார்கள். இரவு அவர் இறந்துபோனார்.

காபெட் சும்மா இருக்கவில்லை. 1793-ன் சாவுப் பட்டியலை எடுத்து, ரஷ்ஷின் மருந்து விளம்பரமான பிறகு சாவு எப்படி ஏறியது என்று அச்சடித்துக் காட்டினார். இந்தக் கணக்கிலும் ஓட்டை உண்டு. மருந்தே இல்லாமலும் அந்த மாதம் சாவு ஏறித்தான் இருக்கும். ஆனால், கேட்ட கேள்வி சரியான கேள்வி.

* * *

ஒரு கடிதம் பாக்கி இருக்கிறது. ஆகஸ்ட் 29-ம் தேதி ஒரு தினசரியில் வந்தது. எழுதியவர் பெயர் இல்லை, வெறும் 'ஏ.பி.' என்ற இரண்டு எழுத்து. மழை பெய்திருக்கிறது, கொசு பெருகும், நோயாளிகளுக்கும் மற்றவர்களுக்கும் பெரும் தொல்லை, மழைநீர்த் தொட்டிகளில் கொஞ்சம் எண்ணெய் ஊற்றுங்கள், கொசு ஒழியும் என்று எழுதியிருந்தார்.

ஏ.பி.க்கும் காரணம் தெரியாது. கொசு ஒரு தொல்லை என்றுதான் நினைத்தார். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1881-ல் கியூபாவின் கார்லோஸ் ஃபின்லே, கொசுதான் மஞ்சள் காய்ச்சலைப் பரப்புகிறது என்றபோதும் சிரித்தார்கள். 1900-ல் வால்டர் ரீட் குழு சோதித்து நிரூபித்தது. ஏடிஸ் எஜிப்தி. நம் ஊரில் டெங்குவையும் சிக்குன்குன்யாவையும் பரப்புகிற அதே கொசுதான். பிலடெல்பியாவில் நவம்பர் குளிர் ஏன் காய்ச்சலை நிறுத்தியது என்பதற்கும் அப்போதுதான் விடை கிடைத்தது. கொசுக்கள் செத்துவிட்டன.

ஆக, அழுகின காப்பிக்கொட்டை நிரபராதி. ரஷ்ஷின் வீட்டுத் தண்ணீர்ப் பீப்பாயிலேயே குற்றவாளி நீந்திக்கொண்டிருந்திருக்கலாம். ஊரைக் காப்பாற்றியிருக்கக்கூடிய வைத்தியம், ஒரு கரண்டி எண்ணெய், பத்திரிகையில் ஒரு மூலையில் அச்சாகிக் கிடந்தது.

ரஷ்ஷின் கடிதங்களை இன்றைக்குப் படித்தாலும் அந்த மனுஷன் மேல் மரியாதை குறையவில்லை. தைரியம், கருணை, உழைப்பு எதிலும் குறை சொல்ல முடியாது. அந்த மூன்றும் இருந்துவிட்டால் தான் செய்வதெல்லாம் சரி என்று நினைத்துவிட்டார். நல்லவர் ஒருவர் நம்பிக்கையோடு ஒன்றைச் சொல்லும்போது, அவரை மட்டுமே பார்த்துத் தலையாட்டிவிடுகிறோம். எத்தனை பேருக்குக் கொடுத்தீர்கள், எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று கேட்கக் கூச்சப்படுகிறோம்.

ஆலனும் ஜோன்சும் அந்தக் கேள்விக்காகக் காத்திருக்கவில்லை. தாங்களே பென்னி விடாமல் எழுதி, ஊர் முன்னால் வைத்துவிட்டார்கள்.